சிப்ஸ் பாக்கெட்டும் கப்பல் கேமராவும்

காரவள்ளி அடிவாரத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கொல்லிமலைப் பேருந்தில் உட்காருங்கள். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டும்போதே பாக்கெட் மெல்ல உப்பத் தொடங்கும். மேலே போய்ச் சேரும்போது புதுத் தலையணை மாதிரி விறைத்து நிற்கும். உள்ளே காற்று ஒரு துளியும் கூடவில்லை. வெளியே இருக்கிற காற்றுதான் மெலிந்துபோய்விட்டது.

குண்டனி நாட்டில் ஒரு நண்பர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லத் தொடங்கியது இந்தப் பாக்கெட்டை வைத்துத்தான். கொல்லிமலை ஒன்றியத்தில் பதினான்கு ஊராட்சிகள். பதினான்கின் பெயரும் 'நாடு' என்றே முடியும்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டனி நாடு. "ஒரு மலைக்குள்ள பதினாலு நாடு இருக்குதுங்க. அதையே இன்னும் முழுசாச் சுத்திப் பாக்கல, அதுக்குள்ள கப்பல் ஏறச் சொல்றா மகள்" என்றார் அவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மிளகுக் கொடியும் கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் அப்பா அம்மாவுக்குக் கப்பல் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். தண்ணீரில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாத கேமரா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று கேமராக்களின் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஒன்றில் 10 மீட்டர் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 15, மூன்றாவதில் 30.

"முப்பதுதானுங்களே பெரிசு? அதையே வாங்கிரலாமா சார்?"

கப்பல் சுற்றுலா என்பது தமிழ்நாட்டில் புது மோகம்தான். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிய 'எம்ப்ரஸ்' கப்பல் 1990-இல் கட்டப்பட்டது. வேறு கடல்களில் நெடுங்காலம் ஓடிவிட்டு நம் பக்கம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரைக்கும் பயணம் தொடங்கியது. அதற்குப் பிறகு கப்பல் தளத்தில் காற்றில் பறக்கும் முடியுடன் நின்று எடுத்த படம் இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குழு குறைவு.

வாத்தியாரின் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த 30 என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரியாமல் வாங்கும் கேமரா முதல் நாளிலேயே மூச்சை விட்டுவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கொல்லிமலையே போதும்.

முதலில் பாக்கெட். அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம். மலைமேல் சுமார் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 990 ஹெக்டோபாஸ்கல், மேலே 877. வித்தியாசம் 110-க்குச் சற்று அதிகம். இந்த எண்ணைத் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றினால், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் நீர் தரும் அழுத்தம். அதாவது, அடிவாரத்தில் மூடிய ஒரு நீர்புகா கேமராவை மலைக்குக் கொண்டுவந்தால், தண்ணீரையே தொடாமல் அது ஒரு மீட்டர் ஆழத்துச் சோதனையைச் சந்திக்கிறது. ஆனால் தலைகீழாக: வெளியிலிருந்து உள்ளே அழுத்துவதற்குப் பதில், உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. பேட்டரி மூடியின் பரப்பு பத்துச் சதுர சென்டிமீட்டர் இருந்தால், ஒரு கிலோவுக்கு மேலான எடை உள்ளே உட்கார்ந்து மூடியை நெம்புவதற்குச் சமம்.

இதையே மறுபக்கம் பாருங்கள். வாத்தியார் குண்டனி நாட்டில் வீட்டிலேயே பேட்டரியை மாட்டி மூடிவிட்டுச் சென்னைக்குக் கிளம்புகிறார். கேமராவுக்குள் மலைக்காற்று, வெளியே கடற்கரைக்காற்று. இப்போது வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அமுக்கும். கப்பலில் போய்த் திறக்கப் பார்த்தால் மூடி பிடிவாதம் பிடிக்கும். பழுதாகிவிட்டது என்று கத்தி முனையால் நெம்பியவர்களை எனக்குத் தெரியும். நெம்பியது மூடியை இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை. கேமராவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வளையத்தைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குள் போகலாம். நீர்புகா கேமராவுக்கு நம் வீட்டில் ஓர் உறவுக்காரர் உண்டு: பிரஷர் குக்கர். இரண்டிலும் வேலை ஒன்றுதான், ஒரு ரப்பர் கேஸ்கட்டை வைத்து அழுத்தத்தைத் தடுப்பது. ஒன்று உள்ளிருப்பதை வெளியே விடாது, மற்றது வெளியிருப்பதை உள்ளே விடாது. விசில் அடிக்கும் குக்கருக்குள் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தரும் கூடுதல் அழுத்தமும் அதே ஒரு வளிமண்டலம்தான். பருப்பு வேகும் குக்கரின் கேஸ்கட்டும் பத்து மீட்டர் ஆழத்துக் கேமராவின் வளையமும் ஒரே சுமையைத்தான் தாங்குகின்றன.

குக்கரை அடுப்பில் வைத்ததும் என்ன நடக்கிறது? முதல் சில நிமிடம் விளிம்பில் ஆவி கசியும். அழுத்தம் ஏற ஏற, மூடி உள்ளிருந்தே விளிம்போடு இறுகி, கசிவு நின்றுவிடும். கேமராவின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் அப்படித்தான். ஆழம் கூடக் கூடத் தண்ணீரே வளையத்தை இடுக்குக்குள் நெருக்கித் தள்ளி, கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்துகிறது. ஆகவே ஆபத்து அதிகம் இருப்பது ஆழத்தில் என்று நினைப்பது தவறு. வளையம் சரியாக உட்காராத கேமரா பெரும்பாலும் முதல் ஒரு மீட்டரிலேயே, நீச்சல்குளத்தின் விளிம்பிலேயே நனைந்துவிடும்.

கேஸ்கட்டில் ஒரு முருங்கைக்காய் நார் ஒட்டியிருந்தால் குக்கர் விசில் அடிக்காது என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். கேமராவில் அந்த நாரின் வேலையை ஒரு தலைமுடி செய்யும். முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நமக்கு அது ஒன்றுமில்லை. தண்ணீர் மூலக்கூறு ஒன்றுக்கு அது பல லட்சம் பேர் தோளோடு தோள் உரசி நடக்கும் அளவு அகலமான ராஜபாட்டை.

அழுத்தத்தைத் தடுப்பது ஒரு வழி. தடுக்காமல் சமன்செய்துவிடுவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது யோசனை வியக்கத்தக்க அளவு பழையது. 1893-இல் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் பான்யுல் என்ற சிற்றூரில் லூயி பூட்டான் என்ற உயிரியலாளர் கடலுக்கடியில் ஒளிப்படம் எடுக்க முயன்றார். உலோகப் பெட்டிக்குள் கேமரா. கடல் அந்தப் பெட்டியை நசுக்காமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு, காற்று நிரப்பிய ஒரு ரப்பர் பலூனைப் பெட்டியோடு இணைத்தது. கீழே போகப் போக நீர் பலூனை அமுக்கும். பலூனிலிருக்கும் காற்று பெட்டிக்குள் போகும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிடும். வெளிச்சத்துக்கு வழியில்லாததால் ஒரு படத்துக்கு அரைமணி நேரம்வரைகூட அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மரப்பீப்பாய் ஒன்றில் பிராணவாயுவை அடைத்து, அதன்மேல் ஓர் ஆல்கஹால் விளக்கை ஏற்றி, அதில் மக்னீசியப் பொடியை ஊதிப் பளிச்சிட வைக்கும் விளக்கையும் கடலுக்குள் இறக்கினார். இன்று போனை ஒரு தட்டுத் தட்டி எடுப்பதைப் பார்த்தால் அந்த மனிதர் சிரிப்பாரா அழுவாரா தெரியாது.

அவருடைய பலூன் இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. நீர் எதிர்ப்புத் தன்மை கொண்ட பல செல்போன்களில், மைக் துளைக்குப் பின்னால் ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒட்டப்பட்டிருக்கும். 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொருள் அது. காற்று போய்வரும், தண்ணீர் போகாது. காரணம், சேப்பங்கிழங்கு இலையில் நீர் உருண்டு ஓடுகிறதே, அதேதான். டெஃப்லானுக்குத் தண்ணீரோடு ஒட்டு உறவு கிடையாது. ஒட்டாத பரப்பில் சின்னஞ்சிறு துளைக்குள் நுழைய, நீர் தன் மேற்பரப்பு இழுவிசையை மீறிக்கொண்டு வளைய வேண்டும். சாதாரண அழுத்தத்தில் அதால் முடியாது. காற்று மட்டும் தடையின்றிப் போய்வருவதால்தான், மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் மாதிரி போன் உப்புவதில்லை.

ஆனால் இந்தச் சவ்வுக்கு ஒரு பலவீனம் உண்டு: சோப்பு. நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதே சோப்பின் தொழில். இழுவிசை குறைந்த நீர் சேப்பங்கிழங்கு இலையையும் நனைத்துவிடும், சவ்வுக்குள்ளும் புகுந்துவிடும். வெறும் தண்ணீரில் விழுந்து தப்பித்த போன், ஷாம்பு நுரையில் விழுந்து சாவதுண்டு.

இனி அருவிக்குப் போகலாம். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அங்கே குளிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் போனோடு அருவிக்கு நேராகப் போவதைப் பார்க்கலாம். கேட்டால், "இது ஐபி 68 சார், ஒன்னும் ஆகாது" என்பார்கள்.

அந்த எண்களின் பூர்வீகம் ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரவிதி. முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இடத்தில் 7 இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் முக்கி வைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். 5 என்றால் குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் பீய்ச்சி அடித்த சோதனை, 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். பலரும் சறுக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. 7, 8 ஆகியவற்றில் தேறிய கருவி 5, 6 ஆகியவற்றிலும் தேறியிருக்கும் என்று விதி சொல்லவில்லை. நிற்கும் நீரைத் தாங்குவது வேறு பாடம், அடிக்கும் நீரைத் தாங்குவது வேறு பாடம். இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்களையும் போடுவார்கள். இன்னொன்று: சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதுக் கருவியில், அசையாமல் வைத்து.

அடிக்கும் நீர் எவ்வளவு அடிக்கும்? ஓடும் நீரைப் பற்றிய அறிவியலாளர் பெர்னூலியின் கணக்கு இங்கே நேராக உதவுகிறது. ஓடிவரும் நீர் ஒரு பொருளில் மோதி நிற்கும்போது தரும் அழுத்தம், அந்த வேகத்தை அடைய அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்திருக்க வேண்டுமோ அவ்வளவு ஆழத்து அழுத்தம். பெரிய மழைத்துளியின் வேகம் வினாடிக்கு ஒன்பது மீட்டர். அது தொடும் அந்தக் கணத்தில் நான்கு மீட்டர் ஆழத்துக்குச் சமம். துளி சிறிது, கணம் அதைவிடச் சிறிது என்பதால் குடைக்கு ஒன்றும் ஆவதில்லை. அருவியில் நீர் கட்டிகட்டியாக, காற்று தடுக்க முடியாமல் இறங்குகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து அடிக்கும் நீர் பத்து மீட்டர் ஆழத்துக்குச் சமம். நம் குக்கர் திரும்ப வந்துவிட்டது. முதுகில் விழும் அருவி அடி சுகமாக இருப்பதற்கும், அதே அடியில் போனின் சார்ஜர் ஓட்டை வழியே நீர் புகுவதற்கும் காரணம் ஒன்றே. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று சோதிக்கப்பட்ட போனை அங்கே நீட்டுவது, நீச்சல் தெரிந்தவனை வெள்ளத்தில் தள்ளிவிடுவது மாதிரி.

மூன்றாவது எதிரி சத்தமில்லாமல் உள்ளேயே இருந்து வேலை செய்யும். படம் முழுக்கப் பனி மூடியது போல வெளிறிப்போகும். கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் போகவில்லை. நாம்தான் அடைத்து வைத்தோம்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். நாமக்கல்லில் ஒரு புழுக்கமான மதியம், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது பேட்டரி மாற்றி மூடுகிறீர்கள். உள்ளே அடைபட்ட காற்று 50 மில்லிலிட்டர் என்று கொள்வோம். மலையேறி, 20 டிகிரியில் குளிர்ந்திருக்கும் அருவி நீரில் கேமராவை முக்குகிறீர்கள். காற்றால் தாங்க முடியாத நீராவி, மிகக் குளிர்ந்த இடமான லென்ஸ் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். எவ்வளவு? ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கடுகின் எடைகூட வராது. ஆனால் ஒரு மைக்ரான் தடிமனில் பரவினால் மூன்றரைச் சதுர சென்டிமீட்டரை மூடிவிடும். லென்ஸ் கண்ணாடி அதைவிடச் சிறியது.

இதற்கு மருந்து செலவில்லாதது: மூடியைக் குளிர்ந்த, வறண்ட இடத்தில் மூடுங்கள். கப்பலில் அதற்கு ஏசி அறை இருக்கிறது. 24 டிகிரி, பாதி ஈரப்பதம் என்றால் அந்தக் காற்றில் கனமீட்டருக்கு 11 கிராம் நீராவிதான். வங்கக் கடலின் மேற்பரப்பு பெரும்பாலும் 28 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் எத்தனை முறை முக்கினாலும் உள்ளே பனிக்காது. மலைக்காரருக்கு இன்னொரு சலுகை. 15 டிகிரியில் மூடுபனி சூழ்ந்த கொல்லிமலைக் காற்றில்கூட 13 கிராம்தான் இருக்கும், சென்னைக் கடற்கரைக் காற்றில் ஏறக்குறைய பாதி. கண்ணுக்கு ஈரமாகத் தெரியும் மலை, கணக்கில் வறண்டது.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகத் தளத்துக்கு எடுத்துப்போனால் வேறு வம்பு. ஐஸ் போட்ட சோடா பாட்டில் வியர்ப்பது மாதிரி வெளிப்புறம் வியர்க்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கேமரா வெளி வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தால் வியர்வை பையின்மேல் போய்விடும். சூரிய உதயத்தைப் படமெடுக்கிறவர் அரைமணி முன்னதாகவே எழுந்தாக வேண்டும்.

இவ்வளவும் மலையிலேயே கிடைக்கும் பாடங்கள். கடல் தன் பங்குக்குச் சேர்ப்பது இரண்டு. ஒன்று உப்பு: லிட்டருக்கு சுமார் 35 கிராம். காய்ந்ததும் படிகமாகி ஓ-ரிங் பள்ளத்தில் மணலாய் உட்கார்ந்துவிடும். கடலிலிருந்து ஏறியதும் மூடியைத் திறக்காமல், கேமராவை நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். இரண்டாவது நிறம். தண்ணீர் சிவப்பைத் தின்றுவிடும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய், எல்லாமே நீலமும் பச்சையுமாகத் தெரியும். எவ்வளவு விலை கொடுத்த கேமராவும் வராத வெளிச்சத்தைப் பிடிக்காது. நிறத்தைச் சரிசெய்யும் 'நீருக்கடி' முறை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது பொருளுக்கு நெருங்கிப் போய் எடுங்கள்.

வாத்தியாருக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நான் கப்பல்ல எங்கீங்க முங்கப் போறேன்?"

சரியான கேள்வி. கப்பல் சுற்றுலாவில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் காய்ந்த தளத்தில்தான் கழியும். நீச்சல்குளத்தில் இடுப்பளவு நீர், தளத்தில் கொஞ்சம் சாரல். திருகோணமலையில் இறங்கிப் புறாத்தீவுக்குப் போய், மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி பவளப்பாறை பார்க்கிறவருக்கு மட்டுமே நீர்புகா கேமராவால் பயன். அவர் வாங்கட்டும். 2023-இல் வந்த ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7 போன்ற 15 மீட்டர் கேமரா அவருக்குத் தாராளம். முப்பது மீட்டர் ஸ்கூபா டைவருக்கு உரியது. எண்ணைவிட, அந்த கேமராவில் மூடிக்கு இரட்டைப் பூட்டு இருக்கிறதா, கண்ணாடி பனிக்காமல் இருக்க ஏற்பாடு உண்டா என்பதை நான் முதலில் பார்ப்பேன். கூடவே மிதக்கும் பஞ்சுப் பட்டை ஒன்று. இந்த கேமராக்கள் கையை விட்டால் நேராகத் தரைக்குப் போகும் ரகம். மற்றவர்களுக்கு வேண்டாம். இந்தக் கரடுமுரடு கேமராக்களின் சென்சார் இன்றைய நல்ல போனின் சென்சாரைவிடச் சிறியது. காய்ந்த இடத்தில் போன்தான் நல்ல படம் தரும். இதை விளம்பரம் சொல்லாது.

வாத்தியார் கேமராவைக் கைவிட்டு, சில நூறு ரூபாயில் போனுக்கு ஒரு நீர்புகாப் பை வாங்கினார். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. விரல் எது நீர் எது என்று அதற்குக் குழம்பிவிடும். அதனால் ஒலியைக் கூட்டும் பொத்தானால் படமெடுக்கப் பழகிக்கொண்டார். போனை வைப்பதற்கு முன், காய்ந்த டிஷ்யூ தாள் ஒன்றைப் பைக்குள் மடித்து வைத்து, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கல் கட்டி அரைமணி நேரம் முக்கினார். எடுத்துப் பார்த்தபோது தாளின் ஒரு மூலை ஈரமாக இருந்தது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி அதையும் முக்கினார். இரண்டாவது தாள் காய்ந்தே இருந்தது.

நீங்கள் வாங்கப்போவது பையானாலும் கேமராவானாலும், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். பைக்குள் டிஷ்யூ, கேமராவுக்குள் பேட்டரியும் கார்டும் இல்லாத காலியிடம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். தண்ணீர் புகுந்த சேதத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை.